பழையதுக்கு வந்த தடை

புன்னைநாட்டை ஆண்ட அதிவீரசிம்மர் பெயரில்தான் வீரம் இருந்தது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை அவரளவுக்கு ஒழுங்காகக் கடைப்பிடித்த மன்னர் வேறு யாருமில்லை.

ஒருநாள் அயல்நாட்டுத் தூதர் ஒருவர் அரண்மனையைச் சுற்றிப் பார்த்தார். சமையற்கட்டுக்குள்ளும் மூக்கை நுழைத்தார். அங்கே ஒரு பெரிய பானை நிறையத் தண்ணீரில் சோறு ஊறிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"பழையது" என்றாள் சமையற்கட்டுத் தலைவி உலகம்மை.

தூதர் விழுந்து விழுந்து சிரித்தார். "மன்னர் வீட்டிலேயே பழைய சோறா? நாட்டில் அவ்வளவு பஞ்சமா?"

மன்னருக்கு மானம் போய்விட்டது. அன்று மாலையே தண்டோரா போட்டார்கள். 'இனி அரண்மனையில் பழையது எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கொல்லைக் குழியில் கொட்ட வேண்டும். மீறி வைத்திருப்பவர் நாடு கடத்தப்படுவார்.'

தன் மானத்தைக் காப்பாற்ற ஊர்ச் சோற்றைக் குழியில் கொட்டுவது பெரிய இடத்து வழக்கம். அதை நாம் கேட்க முடியுமா?

மறுநாள் காலை அரண்மனை மணியக்காரர் தாண்டவராயர் உலகம்மையை அவைக்கு இழுத்து வந்தார். கூடவே ஒரு பானையும் வந்தது. தன் மச்சினனைச் சமையற்கட்டில் உட்கார வைக்க அவர் வெகுநாளாகக் காத்திருந்தார்.

"ராத்திரி மிஞ்சின சோறு சாமி" என்றாள் உலகம்மை. "காவக்காரங்க விடியக்காலம் குடிக்கிறதுக்குத் தண்ணி ஊத்தி வெச்சேன். நல்ல சோத்தைக் கொட்டக் கை வரல."

"மகாராஜா, ஆணையில் விலக்கு ஏதும் இல்லை" என்றார் தாண்டவராயர். "எதுவும் என்றால் எதுவும்தான்."

மன்னர் தலையாட்டினார். பொழுது சாய்வதற்குள் உலகம்மை எல்லையைத் தாண்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பாவம், அவளுக்குப் புன்னைநாட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. அழுதுகொண்டே நின்றாள்.

அவையில் மருதவாணன் என்று ஒருவன் இருந்தான். வாயைக் கொடுத்து வம்பை வாங்குவதும், அதே வாயால் வம்பிலிருந்து வெளியே வருவதும்தான் அவன் உத்தியோகம். அவன் எழுந்தான்.

"மணியக்காரர் சொன்னது முற்றிலும் சரி மகாராஜா. இன்று மதியச் சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆணையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிக் காட்டுகிறேன்."

உலகம்மை அவனைப் பார்த்த பார்வையில் சாபம் இருந்தது.

மதியம் மன்னர் பசியோடு இலை முன் உட்கார்ந்தார். தாண்டவராயர் பக்கத்தில் நின்றார். மருதவாணன் பரிமாறியபோது இலையில் கொழகொழவென்று ஏதோ விழுந்தது.

"என்னடா இது, பசையா?"

"சோறு மகாராஜா. களஞ்சியத்தில் இருப்பதெல்லாம் பழைய அரிசி. அதனால் இன்று காலையில் அறுத்த நெல்லைக் குத்திப் பொங்கினேன். புது அரிசி, குழையத்தான் செய்யும்."

"சரி, நெய்யை ஊற்று."

"போன வாரம் உருக்கியது. கூடாது."

"மோராவது விடு."

"நேற்றைய பாலை உறை குத்தியது மகாராஜா. உறை மோரோ அதற்கும் முந்தைய நாளுடையது. வம்சமே பழையது."

"மாவடு?"

"சித்திரையில் போட்டது."

மன்னர் ஒரு வாய் எடுத்து வைத்தார். முகம் கோணியது. "உப்பே இல்லையே."

"போன கோடையில் உப்பளத்தில் வாரிய உப்பு. நான் நாடு கடத்தப்பட விரும்பவில்லை."

மன்னருக்குப் பசி கண்ணை மறைத்தது. "எல்லாம் தொலையட்டும். நான் தினமும் சாப்பிடும் சுண்டக்குழம்பைக் கொண்டு வா. அது போதும்."

மருதவாணன் காதைப் பொத்திக்கொண்டான். "சிவ சிவா. அது முந்தாநாள் குழம்பையும் நேற்றுக் குழம்பையும் ஒன்றாக ஊற்றிச் சுண்ட வைத்தது. மிஞ்சியதிலும் மிஞ்சியது. பத்து வருஷமாகத் தாங்கள் நக்கிச் சாப்பிட்டதும் அதுதான், உலகம்மையைப் பாராட்டியதும் அதற்குத்தான்."

மன்னர் விழித்தார். "நான் சோற்றைத்தானே சொன்னேன்?"

"ஆணையில் சோறு என்ற சொல்லே இல்லையே. எதுவும் என்றால் எதுவும்தான் என்று மணியக்காரரே சொன்னார். நெய், மோர், மாவடு ஜாடி, உப்பு எல்லாம் குழியோரம் வரிசையாகக் காத்திருக்கின்றன. தங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் தள்ளிவிடலாம். ஆனால் முதலில் தள்ள வேண்டிய பழையது வேறொன்று இருக்கிறது."

தாண்டவராயர் தன் நரைத்த மீசையை மறைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"எது?" என்றார் மன்னர்.

"நேற்று மாலை போட்ட ஆணை மகாராஜா. ராத்திரி தாண்டிவிட்டது. காலையிலிருந்தே லேசாகப் புளித்த வாடை அடிக்கிறது."

மன்னர் இலையைப் பார்த்தார். மருதவாணனைப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"கொட்டடா அதைக் குழியில். உலகம்மையை வரச் சொல். சுண்டக்குழம்பும் வரட்டும்."

உலகம்மைக்கு வேலையும் திரும்பி வந்தது, ஒரு பட்டுச் சேலையும் வந்தது. மருதவாணனுக்கு மோதிரம் கிடைத்தது. பானையில் மிஞ்சிய பசைச் சோறு வீணாகலாமா? அதை மன்னர் தாண்டவராயருக்குப் பரிமாறச் சொன்னார். அவர் உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்தார்.

இரண்டாம் முறை குழம்பு வாங்கும்போது மன்னருக்கு ஒரு கவலை வந்தது. "அந்தத் தூதன் மறுபடியும் வந்து சிரித்தால் என்ன செய்வது? வேறொரு ஆணை போடட்டுமா?"

"போடுங்கள் மகாராஜா" என்றான் மருதவாணன். "ஆனால் அளவாகப் போடுங்கள். மிஞ்சினால், அதைக் காவற்காரர்கள்கூடக் குடிக்க மாட்டார்கள்."