நன்றி, இப்படிக்கு

கோயம்புத்தூரில் ஒரு குக்கர் கம்பெனி. வாடிக்கையாளர் அனுப்பும் மெசேஜ் எது யாருக்குப் போகவேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு விதி எழுதிவைப்பது பவளக்கொடியின் வேலை. குக்கர் மூடி பிய்த்துக்கொண்டு பறக்கிறது என்ற புகார்களைப் படித்துப் படித்து அவளுக்குச் சோறே இறங்கவில்லை. அடுத்து யார் முகம் வேகப்போகிறதோ!

முதலாளி பொன்னரங்கத்துக்கு அதெல்லாம் காதிலேயே ஏறாது. "நன்றி சொல்றவங்க மெசேஜ் மட்டும் எனக்கு வரணும், மத்ததெல்லாம் குப்பைக்கு. எதிர்த்துப் பேசினா வேலை போயிரும்!"

"சரிங்க சார். 'நன்றி'ன்னு இருந்தா உங்க போனுக்கு. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க," என்றாள் பவளக்கொடி.

மனுஷன் ஜம்மென்று போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவர் போன் ஓயவில்லை. "ஐயா, தங்கள் குக்கர் மூடி பறந்து கூரையில் குத்தி நிற்கிறது. தக்க நடவடிக்கை எடுக்கவும். நன்றி, இப்படிக்கு..." இப்படியே முந்நூறு!

"என்னம்மா இது?"

"நம்ம சனங்க பள்ளிக்கூடத்துல லீவ் லெட்டர் எழுதிப் பழகினவங்க சார். திட்டினாலும் நன்றி போட்டுத்தான் முடிப்பாங்க. பாராட்டுறவங்கதான் கட்டைவிரலைக் காட்டிட்டுப் போயிருவாங்க."

பொன்னரங்கம் வெளிறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டார். "ஏய், அடுப்பை அணை! குக்கர் பக்கம் போகாதே!"

அடுத்த போன்தான் குடோனுக்கு: "ஒரு குக்கர்கூட வெளியே போகக் கூடாது."