எறும்பு ஏன் வாயை மோந்து பார்க்கிறது

கிட்ட வந்து உட்காருங்க. இதை உரக்கச் சொன்னால் எறும்புகளுக்கு ரோஷம் வந்துவிடும்.

அந்தக் காலத்தில், எறும்புக்கும் மனுஷருக்கும் பேச்சுவார்த்தை இருந்தபோது, ஒரு பனங்காட்டில் முத்துக்கனி என்று ஒருத்தி கற்கண்டு போட்டு வந்தாள். பதநீரைப் பாகாகக் காய்ச்சி, உள்ளே நூல் கட்டிய பானையில் ஊற்றி மூடிவிடுவாள். நாள் போகப் போக நூலைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு விளையும். அந்தப் பானைக்கு எறும்புகள்தான் காவல். கூலி, கொப்பரையில் ஒட்டின பாகுச் சுரண்டல். மழைக்காலம் முழுக்க அதை வைத்துத்தான் அதுகளின் குஞ்சு குருமான்கள் பிழைத்தன.

ஒருநாள் மூடியைத் திறந்தால், நூல் வெறும் நூலாகத் தொங்குகிறது.

"கள்ளன் உங்களுக்குள்ளதான் இருக்கான்," என்றாள் முத்துக்கனி. "பொழுது சாயுறதுக்குள்ள கொண்டாந்து நிறுத்துங்க. இல்லைன்னா இனிமே சுரண்டல் கிடையாது."

எறும்புகள் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்தன.

"கட்டெறும்பு மாமா வயிறு நேத்து இம்புட்டு இல்லையே?"

"அடி போடி! பொறந்ததிலேருந்தே எனக்கு இந்த வயிறுதான். உன் கொழுந்தன் ஏன் மூடியையே சுத்திச் சுத்தி வாரான்? அதைக் கேளு."

"காவல்காரன் மூடியைச் சுத்தாம, உங்க வயித்தையா மாமா சுத்துவான்?"

அப்போது சுள்ளி என்ற சிற்றெறும்பு முன்னால் வந்தது. கெட்டிக்காரி. "சண்டை எதுக்கு? தின்ன வாய் மணக்குமில்ல? வரிசையா நில்லுங்க, நான் மோந்து பார்க்கேன்."

நின்றன. ஒவ்வொரு வாயாக மோந்துவிட்டு, "ஒருத்தர் வாயும் மணக்கலை," என்றது சுள்ளி.

கட்டெறும்புக்குச் சந்தேகம் விடவில்லை. "எங்க வாயை நீ மோந்தே. உன் வாயை யாரு மோந்தா?" என்று கிட்டப் போய் மோந்தது. "அடிப் பாவி! கற்கண்டு வாசம் கமகமங்குதே!"

சுள்ளி அசரவில்லை. "மணக்காம என்ன செய்யும்? மோந்தப்போ கள்ளன் வாயிலேருந்து ஒட்டினது. ஆளு யாருன்னு எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால மானம் போக வேண்டாமேன்னு மறைச்சேன்."

"யாரு? யாரு?"

சுள்ளி வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். இது அதன் வாயை மோக்க, அது இதன் வாயை மோக்க, பொழுது சாய்ந்துவிட்டது. முத்துக்கனி வந்து பார்த்தாள். கள்ளனைக் காணோம். ஒரு தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் பானையைத் தூக்கி வைத்தாள்.

"உங்க காவலும் வேண்டாம், கூலியும் வேண்டாம். போங்க."

அன்று முதல்தான் இனிப்புப் பாத்திரம் தண்ணீர்த் தட்டில் உட்கார்ந்தது. அன்று முதல்தான் எறும்புகள் இரை தேடி அலைகின்றன. எதிரே ஒன்று வந்தால் நின்று, வாயை மோந்து பார்த்துவிட்டுத்தான் நகர்கின்றன. அன்றைக்கு வெறுங்கையோடு திரும்புகிற வழியில், முதல் ஆளாகக் கட்டெறும்பை மறித்து, "எங்கே மாமா, வாயைக் காட்டுங்க பார்ப்போம்," என்று கேட்டது சுள்ளிதான்.