நெற்றியில் குளம்பு

"சாமி, சிறை என்னை விட்டுடுச்சு. இந்த நெத்திதான் விடமாட்டேங்குது," என்றான் கொம்பையா.

அவனுக்குத் தாடி நரைத்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மடத்துக் குரு இளையசாமிக்கு மீசை இன்னும் முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அந்த ராஜ்யத்தில் மாடு திருடினால் கோட்டைச் சிறை. தண்டனை முடிந்து வெளியே விடும்போது நெற்றியில் மாட்டுக் குளம்பைப் பச்சை குத்திவிடுவார்கள். இரண்டு கோடு, நடுவே பிளவு. தேய்த்தாலும் போகாது, சுட்டாலும் போகாது.

கொம்பையா திருடினது உண்மை. அவனே அதை மறுத்ததில்லை. ஒரு ஜோடிக் காளை. அந்தக் காளைகள் செத்து, அவற்றின் தோலில் செய்த மேளமும் அடித்து அடித்துக் கிழிந்துவிட்டது. நெற்றி மட்டும் அப்படியே இருந்தது.

எந்த ஊரில் கன்று காணாமல் போனாலும் முதலில் அவன் வீட்டுக்குத்தான் ஆள் வரும். கன்று அதன் தொழுவத்திலேயே தாய்மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும். வேலை கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டிப் பார்த்தான். சித்திரை வெயிலில் அதற்குள் முட்டையை வைத்திருந்தால் குஞ்சே பொரித்திருக்கும். ஊரார் தலைப்பாகையைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"இதை அழிச்சுக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

குரு குனிந்து, அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"குத்தினவன் கைவேலை சுத்தமா இருக்கு ஓய்," என்றார். "தலைப்பாகையைக் கழற்றி வச்சுட்டு, வாசல் தண்ணீர்ப் பந்தல்ல போய் உட்காரும்."

அவ்வளவுதான் பதில்.

உட்கார்ந்தான். உள்ளூர்க்காரர்கள் தாகத்தோடு அவனைக் கடந்து போனார்கள்.

மாசித் திருவிழா வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜனங்கள் வந்தார்கள். அவர்களுக்கு இந்த ராஜ்யத்துச் சட்டமெல்லாம் தெரியாது. முதலில் வந்தவர் மிளகு வியாபாரி தாண்டவச் செட்டியார். வாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்; போகும்போதும் வரும்போதும் குரு அவரிடம்தான் சாப்பிட்டீரா என்று கேட்கிறார்; நெற்றியில் கண்டறியாத ஒரு சின்னம். செட்டியார் யாரையும் கேட்கவில்லை. தலைமைச் சீடருக்கு மடம் கொடுத்த அடையாளம் என்று தானே முடிவுகட்டி, குளித்துவிட்டு வந்து சந்தனத்தில் அதே இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டார்.

அவரைப் பார்த்து அவர் கூட்டம். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். மடத்து யானைக்கும் வரைந்தார்கள். ஒரு கைக்குழந்தைக்குக் கண் மூடுகிற அளவுக்கு வரைந்தார்கள்.

உள்ளூர்க்காரர்கள் சொல்லத்தான் வாயெடுத்தார்கள். அதற்குள் குருவே அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்கள். சிலர் வீட்டுக்குப் போய்ச் சந்தனம் அரைத்தார்கள்.

பிறகு சண்டை வந்தது. இரண்டு கோடும் கீழே சேர வேண்டும் என்று ஒரு கட்சி. சேரவே கூடாது என்று இன்னொரு கட்சி. சேர்ந்த நெற்றிக்காரர் பந்தியில் சேராத நெற்றிக்காரர் உட்காரமாட்டேன் என்றார். சாம்பார் ஆறிப்போனது.

கடைசியில் எல்லாரும் தண்ணீர்ப் பந்தலுக்கு வந்து கொம்பையாவின் காலில் விழுந்தார்கள். செட்டியார் ஒரு படி மேலே போனார். தீர்ப்பு எதுவானாலும் சரி, பெரியவரைப் பல்லக்கில் வைத்துத் தங்கள் சீமைக்குக் கூட்டிப்போய் ஒரு கிளை மடம் கட்டித் தருவதாகச் சொன்னார். அங்கே அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்களாம்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாகிறவரைக்கும் அவன் வாசலுக்குக் கன்று தேடி ஆள் வராது.

கொம்பையா குருவைத் திரும்பிப் பார்த்தான்.

"நெத்தி உம்முடையது. என்கிட்ட என்ன கேள்வி?" என்றார் இளையசாமி.

கொம்பையா எழுந்து நின்றான். இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினான்.

"சேராது," என்றான். "மாட்டுக் குளம்பு எந்த ஊர்ல சேர்ந்து இருக்கு?"

கூட்டம் விழித்தது.

"இது மாட்டுத் திருடனுக்கு ராஜா குத்துற பச்சை. நான் திருடினேன். அதுக்குக் கோட்டையில கல்லு உடைச்சேன். உடைச்சு முடிச்சவனுக்குத்தான் இதைக் குத்துவாங்க. பாதியில செவரேறிக் குதிச்சவனுக்குக் கெடையாது. என்கூடச் சிறைக்கு வந்தவன்ல பாதிப்பேர் நெத்தி வெறும் நெத்தி. இங்க ஒரு கல்லு உடைச்சவன் யாராவது இருக்கீங்களா?"

சந்தன நெற்றிகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன.

"அப்ப அழிங்க."

செட்டியார் மேல்துண்டைத் தேடினார். சேர்ந்த நெற்றியும் சேராத நெற்றியும் ஒரே தொட்டியில் முண்டியடித்துக்கொண்டு முகம் கழுவின. பல்லக்குத் தூக்க வந்தவர்கள் மெல்ல நழுவினார்கள்.

குருவும் காவித் துணியின் ஓரத்தை நனைத்து நெற்றியைத் துடைத்தார். துடைத்துவிட்டு முகத்தைக் கொம்பையாவிடம் காட்டினார்.

"போயிடுச்சா, பாரும் ஓய்."

கொம்பையா குருவின் நெற்றியை நிதானமாகப் பார்த்தான்.

"போயிடுச்சு சாமி," என்றான். "உங்களுக்கெல்லாம் சுலபமாப் போயிடும்."