சர்க்கரை போடாத டீ

அந்த டிவி விளையாட்டில் விதி எளிது. ஜோடியில் ஒருவர் அட்டையிலுள்ள சொல்லை உச்சரிக்காமல் குறிப்பு தருவார், மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும்.

தொகுப்பாளர் இளஞ்சேரன், "நான் சர்க்கரையை விட்டுப் பத்து வருஷமாச்சு, நீங்களும் விடுங்க" என்று வாராவாரம் நேயர்களுக்கு உபதேசம் செய்பவர். மே தினச் சிறப்புக்காக, அரங்குக்கு டீ போடும் வடிவாம்பாளையும் லைட்மேன் அந்தோணிசாமியையும் ஒரு ஜோடியாக உட்கார வைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது இஞ்சி தட்டுற வேலை இல்லம்மா. தோத்தா நாளைலேருந்து டீக்கு வேற ஆள்" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சொன்னால் செய்கிறவர்தான்.

கடைசி வரை எதிர் ஜோடியோடு சமநிலை. கடைசி அட்டையை இளஞ்சேரனே பொறுக்கி எடுத்து வடிவாம்பாளிடம் நீட்டினார்.

"சைகை கூடாது. ஒரே ஒரு வாக்கியம்."

அட்டையில் 'பொய்' என்று இருந்தது.

வடிவாம்பாள் அவர் கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தாள். பிறகு அந்தோணிசாமியிடம் திரும்பினாள்.

"அண்ணே, நம்ம சார் சர்க்கரை போடாத டீதான் குடிக்கிறாரு."

"பொய்!" என்றார் அந்தோணிசாமி, யோசிக்காமலே.

அரங்கம் அதிர்ந்தது. "செல்லாது! செல்லாது!" என்று கத்தினார் இளஞ்சேரன்.

"அப்படின்னா அந்த கிளாஸை எதிர் ஜோடிகிட்ட குடுங்க சார். ஒரு வாய் குடிச்சுப் பார்த்துச் சொல்லட்டும்" என்றாள் வடிவாம்பாள்.

இளஞ்சேரன் கிளாஸை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெற்றி மணியை அடித்தார்.

மறுநாளும் வடிவாம்பாள்தான் டீ கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்த இளஞ்சேரனின் முகம் கோணியது.

"எங்கேம்மா என் நாலு ஸ்பூன்?"

"இனிமே யாராவது கேட்டா, நான் உண்மையைச் சொல்லணும்ல சார்."