மைக்கை அணைத்த வாத்தியார்

ஊமத்தம்பட்டியில் புத்தி இல்லாதவர் என்று யாருமே கிடையாது. எல்லாருக்கும் இருந்தது, எடுத்துச் செலவழிக்கத்தான் மனம் வரவில்லை. அதில் கொஞ்சம் கூடுதலாகச் சேமித்து வைத்திருந்தவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாசிலாமணி.

அவருக்கு ஒரே கவலை. கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் பிசகாமல் பார்த்து எழுதும். சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிக்கும். இந்த நேரத்தில்தான், பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஆன்லைனில் பயிற்சி வந்தது. முடிவில் ஊருக்கு ஒரு பிள்ளை, தானே எழுதியதை எல்லா ஊரும் கேட்க வாசிக்க வேண்டுமாம். மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

"நானே பார்த்து எழுதிப் பாஸானவன். என்கிட்ட படிக்கறது வேற எப்படி எழுதும்?" என்று மனைவியிடம் புலம்பினார். அவள் மறுக்கவில்லை.

பயிற்சியன்று வகுப்பறை மேசையில் செல்போனைச் செம்பில் சாய்த்து வைத்தார்கள். திரையில் வந்த கயற்கண்ணி மேடம் முதலில் சொன்னது, "எல்லாரும் மைக்கை அணைச்சு வையுங்க."

"நம்மகிட்ட ஏதுங்க மைக்கு?" என்றார் செம்மலை. அவர் மகள் தெய்வானை முன்வரிசையில் இருந்தாள்.

"கோயில் ரேடியோ செட்டுல இருக்குது" என்றாள் அவர் மனைவி பூவாயி.

"அதை எதுக்கு அணைக்கணும்?"

"படிச்சவங்க காரணம் இல்லாம சொல்வாங்களா?" என்றார் மாசிலாமணி.

கோயில் குழாயில் மாட்டியிருந்த ஒயரோடு மைக் வந்தது. யார் அணைப்பது? கல்யாணமானவர்கள் அணைத்தால் வீட்டில் சண்டை வரும். வாத்தியார் வீட்டில் ஏற்கெனவே சண்டை என்பதால் அவரே நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் இதயம் அடிப்பது ஊர் முழுக்கக் கேட்டது.

"யாரோ இன்னும் அணைக்கலை. இரைச்சல் வருது" என்றார் மேடம்.

மாசிலாமணி இறுக்கி அணைத்தார். கடைசியில் மேடமே அங்கிருந்து சத்தத்தை நிறுத்திவிட்டார். அணைப்புக்குப் பலன் கிடைத்ததென்று மாசிலாமணி நம்பினார்.

"பிள்ளைங்க எழுதறப்ப பெரியவங்க தலையிடக் கூடாது" என்றார் மேடம்.

செம்மலை யோசித்தார். "தலைதானே கூடாது? உடம்பு இருக்கலாமில்ல?"

"தாராளமா" என்றார் மாசிலாமணி.

பெற்றோர் உடம்பை வகுப்பில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் சன்னல் கம்பிகளுக்கு வெளியே விட்டார்கள். போன தலை திரும்பி வரவில்லை.

"ஒவ்வொரு பிள்ளையும் சொந்த நடையில எழுதட்டும்."

பிள்ளைகள் எழுந்து நடந்துகொண்டே எழுதின. தெய்வானை காலை அகட்டி அகட்டி நடந்தாள்.

"அது உங்கப்பா நடை" என்றார் மாசிலாமணி. "பார்த்து எழுதற பழக்கம் காலுக்கும் வந்துருச்சா?"

"பொறந்ததுல இருந்தே அப்படித்தாங்க" என்றது வெளியே இருந்த செம்மலையின் தலை.

ஊமத்தம்பட்டி முறை வந்தது. மேடம் சத்தத்தைத் திறந்துவிட்டார். மாசிலாமணி மைக்கை இன்னும் இறுக்கிக்கொண்டார். தெய்வானை வாசித்தாள்:

"எங்க சார் மைக்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். புடுங்கினா அழுதுடுவார்போல. எங்கப்பா தலை வெளிய இருக்குது, கால் உள்ள இருக்குது. ஒரு ஆடு அவர் மூக்கை நக்குது. நாங்க நடந்துக்கிட்டே எழுதறோம். ஏன்னு யாருக்கும் தெரியாது."

எல்லா ஊரும் சிரித்தது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு கற்பனையை நான் கேட்டதே இல்லை."

மாசிலாமணி தெய்வானையைப் பார்த்தார். பென்சிலைக் கடித்த பிள்ளை. அவர் மானத்தைத்தான் வாங்கியிருந்தாள். ஆனாலும் சொந்தமாக வாங்கியிருந்தாள்.

"எல்லாம் என்னை வச்சு எழுதினதுதான் மேடம்" என்றார் அடக்கமாக.

"இதை எல்லாம் பத்தி பத்தியா பிரிச்சு அனுப்பி வையுங்க. மேலிடத்துல காட்டணும்."

கம்பியை வளைத்துத் தலைகளை மீட்டதும் செம்மலை கடைக்கு ஓடினார். சந்தன பத்தியா, மல்லிகை பத்தியா என்று நெடுநேரம் பேசி, சந்தனம் என்று முடிவானது. பாக்கெட்டைப் பிரித்து, வரிக்கு ஒரு பத்தி ஒட்டி, கொளுத்தி, கவரில் போட்டுத் தபால் பெட்டிக்குள் விட்டார்கள். சற்று நேரத்தில் பெட்டி புகைந்தது.

"சார், கவர்ல விலாசமே எழுதலைங்களே" என்றார் செம்மலை.

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தார்.

"எதுக்கு? நேரா மேலிடத்துக்குத்தான் போய்க்கிட்டு இருக்குது."