சத்தியம் கேட்ட தளபதி

"இன்றும் மூன்று பேர் போய்விட்டார்கள், அம்மை" என்றான் அதிகன்.

வெண்ணி காலால் களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எத்தனை பேர் வந்தார்கள்?"

"நான்கு பேர். அதுவா பேச்சு? இன்று வந்தவன் நாளைக்குப் போவான். கேட்பாரில்லை. இப்படி ஒரு கூட்டம் உலகத்தில் உண்டா?"

"இதோ இருக்கிறதே" என்றாள் வெண்ணி.

அதிகனுக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? இருபது வருஷம் மலைக்கோட்டையில் தளபதியாக இருந்தவன். அவன் புருவம் உயர்ந்தால் முந்நூறு ஈட்டிகள் உயரும். அறுபது வயதில் அதெல்லாம் கசந்துபோய், தன்னைவிட இருபது வயது இளைய இந்தப் பெண்ணைத் தேடி ஏரிக்கரைக்கு வந்திருந்தான். வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஏரியின் கதை ஏழு ஊருக்கும் தெரியும். ஓர் ஐப்பசியில் கரை உடைந்தது. நீ கட்டு, நான் கட்ட மாட்டேன் என்று ஏழு ஊரும் வழக்காடிக்கொண்டிருந்தன. ஒருநாள் வெண்ணி ஒரு கூடையோடு வந்து உடைப்பில் மண்ணைக் கொட்டினாள். யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் இன்னொருத்தி வந்தாள். அப்புறம் ஒரு குயவன். இப்போது எண்பது பேருக்குக் குறையாது.

தலைவன் கிடையாது. பெயர் எழுதிய ஓலை கிடையாது. ஒரே ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும், முதலில் எழுந்தவர் எவரோ அவர் கரையோடு நடந்து ஒவ்வொருவரையும் கேட்பார்: "இன்றைக்கு?"

"இருக்கிறேன்" என்றால் கையில் கூடை.

"இல்லை" என்றால் வழிக்கு ஒரு கலயம் கூழ். ஏன் என்று கேட்பதில்லை.

"சத்தியம் வாங்க வேண்டும், அம்மை" என்றான் அதிகன். "சேர்கிறவன் சாகும்வரை இருப்பேன் என்று மண்ணைத் தொட்டுச் சொல்லட்டும். மழைக்காலம் வருகிறது. நின்றாலும் நிற்பான், போனாலும் போவான் என்கிற ஆட்களை நம்பி ஏழு ஊர் கீழே படுத்துத் தூங்குகிறது."

வெண்ணி களிமண்ணிலிருந்து காலை எடுத்தாள்.

"சரி. உம்மிடமிருந்தே தொடங்குவோம்."

அதிகன் தயங்கவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து, சாகும்வரை இந்தக் கரையை விட்டுப் போக மாட்டேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். மறுகரைக் கொக்குகள் பறந்தன.

மறுநாள் விடியலில் வெண்ணிதான் முதலில் எழுந்தவள். "இன்றைக்கு?" என்று குயவனைக் கேட்டாள். அவன் மனைவியைக் கேட்டாள். அதிகனைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டாள்.

"அம்மை, என்னைக் கேட்கவில்லையே?"

"உம்மைக் கேட்க என்ன இருக்கிறது? சாகும்வரைக்கும்தான் சொல்லியாகிவிட்டதே."

நியாயம்தான். அதிகன் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தான்.

அடுத்த நாள் ஓர் ஆட்டிடையன் கேட்டு வந்தான். அவனும் அதிகனைத் தாண்டிப் போனான். அதற்கடுத்த நாளும் அப்படியே. பத்து நாளில் விடியலில் யாரும் அதிகன் முகத்தைப் பார்ப்பதே நின்றுபோயிற்று.

மண்வெட்டி, கூடை, அதிகன். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

கோட்டையில் இருபது வருஷம் ஒருவர்கூட அவனைக் கேட்டதில்லை. இங்கே இரண்டு வருஷம் தினமும் கேட்டார்கள். கேட்ட ஒவ்வொரு நாளும் தன் நெஞ்சு சற்றே நிமிர்ந்ததை அவன் கவனித்ததில்லை. இப்போதுதான் கவனித்தான்.

பதினோராம் நாள் அரசனின் அதிகாரி குதிரையில் வந்தான். கையில் முத்திரை வைத்த ஓலை.

"அரசருக்கு மிகுந்த மகிழ்ச்சி" என்றான். "இன்றுமுதல் நீங்கள் கரைப்படை. ஆளுக்கு வருஷம் ஆறு கலம் நெல், இரண்டு வேட்டி சேலை. பெயர்களை மட்டும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். எழுதியபின் யாரும் விலகக் கூடாது. விலகினால் கசையடி. தலைவராகப் பழைய தளபதியாரே இருக்கட்டும் என்பது அரசர் விருப்பம்."

எண்பது பேரும் கூடையைக் கீழே வைத்தார்கள்.

அதிகன் வெண்ணியைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தென்கிழக்கில் கருத்திருந்தது.

அவன் கேட்டதெல்லாம் அந்த ஓலையில் இருந்தது. கட்டு, காவல், பெயர், தண்டனை. ஒன்றுகூடக் குறையவில்லை.

"வேண்டாம்" என்றான் அதிகன்.

அதிகாரி அவனை உற்றுப் பார்த்தான். "நீங்களா சொல்கிறீர்கள்? நாளை கரை உடைந்தால் யார் பொறுப்பு?"

"நாங்கள்தான்" என்றாள் குயவனின் மனைவி, இடுப்பில் கை வைத்தபடி.

"நாங்கள் என்றால்? ஒரு பெயர் சொல்."

"நாங்கள் என்றால் நாங்கள்தான்."

அதிகாரி குதிரையைத் திருப்பினான். "மழை வரட்டும், பார்க்கிறேன். ஒருத்தனும் இங்கே நிற்க மாட்டான்."

அவன் போனதும் அதிகன் வெண்ணியிடம் வந்தான்.

"அம்மை, என் சத்தியத்திலிருந்து என்னை விடுவியுங்கள்."

"நான் கட்டவில்லையே, அவிழ்ப்பதற்கு."

அவன் வெகுநேரம் நின்றான். சொன்ன சொல்லை ஒருநாளும் மீறாதவன். அதில் அவனுக்குப் பெருமை உண்டு. பிறகு கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கரையை விட்டு இறங்கினான்.

குயவன் பின்னால் ஓடிவந்து ஒரு கலயம் கூழைக் கையில் கொடுத்தான். ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டு நாழிகை நடந்து அதிகன் சாலையோரச் சத்திரத்தை அடைந்தான். உட்கார்ந்தான். கூழைக் குடித்தான். உச்சிப்பொழுதில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையில்லை. எதிரே நிற்கிற புளியமரம் கண்ணுக்குத் தெரியாத மழை.

அவன் எந்தப் படையிலும் இல்லை. எந்தச் சொல்லும் அவனைக் கட்டவில்லை. எழுந்து போகாவிட்டால் இந்த உலகத்தில் ஒருவரும் அவனைக் குறை சொல்ல முடியாது.

இதை நன்றாக யோசித்துப் பார்த்தான்.

பிறகு மேல்துண்டைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினான். அறுபது வயதில் அவன் ஓடியதைச் சத்திரக்காரன் வாய்பிளந்து பார்த்தான்.

ஏரி கடல்போல் கிடந்தது. கரையில் ஓரிடத்தில் நீர் கசிந்து மண் கரைந்துகொண்டிருந்தது. அங்கிருந்து மேட்டுவரை மனிதர்கள் வரிசையாக நின்று மண்கூடையைக் கைமாற்றினார்கள். எண்பது பேர் இல்லை. இருநூறுக்கும் மேல். இதுவரை இந்தப் பக்கமே வராத முகங்கள். ஏழு ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். யாரும் கட்டளையிடவில்லை. வரிசை எங்கே தொய்ந்ததோ அங்கே ஒருவர் போய் நின்றார்.

வெண்ணிக்கும் ஒரு கிழவருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அதிகன் அதில் நின்றான். வெண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடையை அவன் கையில் கொடுத்தாள்.

பொழுது சாயும்முன் மழை ஓய்ந்தது. கரை நின்றது.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லோரும் ஒரே நிறமாக இருந்தார்கள். சேற்று நிறம்.

அப்போதுதான் கோட்டையிலிருந்து குதிரைவீரர்கள் வந்து சேர்ந்தார்கள். கட்டளை வரக் காத்திருந்ததில் தாமதம். முன்னால் வந்த வீரனுக்கு இருபது வயதிருக்கும். கரையையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் குதிரையருகே சேறு வழிய நின்ற பெரியவரிடம் அதட்டலாகக் கேட்டான்:

"ஏய், நீ யாருடைய ஆள்?"

கோட்டை வாசலில் கேட்கும் கேள்வி அது. இருபது வருஷம் அதற்கு அதிகன் அரசன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறான். அதற்குமுன் அவன் தகப்பனும் அதே பெயரைத்தான்.

அவன் நிமிர்ந்து நின்றான்.

"அதிகன்" என்றான்.