நாற்பது கம்புகள்

வடக்கே, வெகு தூரத்தில், வருடத்தில் எட்டு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஒரு நாடு இருந்தது. அதை விலங்குகளின் பேரவை ஒன்று ஆண்டுவந்தது. பேரவையின் தலைவர் ஒரு பனிக்கரடி. செயலாளர் ஒரு நரி.

கரடி நல்லவர். யார் வந்து எதைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்பார். நரியும் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் யாருமே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

நரிக்கு ஒரு பெருமை உண்டு. வந்த குறை எதையும் அவர் பதில் எழுதாமல் விட்டதில்லை. மரப்பட்டையில் முத்து முத்தாக எழுதுவார். சில குறைகளுக்கு ‘ஏற்கிறோம்’ என்று பதில் போகும். சிலவற்றுக்கு ‘ஓரளவு ஏற்கிறோம்’ என்று போகும். மற்ற எல்லாவற்றுக்கும் ‘குறித்துக்கொண்டோம்’ என்று போகும். ‘ஏற்கிறோம்’ என்று எழுதி வெகு நாளாகிவிட்டது.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் பஞ்சி என்ற முயல் பேரவைக்கு வந்தாள். ஆற்றின் வடகரையில் வாழும் முயல்கள் தங்கள் சார்பில் அவளை அனுப்பியிருந்தன.

“தலைவரே, எங்கள் கரையில் ஒரு குச்சிகூட முளைக்காது,” என்றாள் பஞ்சி. “குளிர்காலம் முழுக்க உறைந்த ஆற்றைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்துதான் புதர்ப்பட்டை தின்கிறோம். ஆற்று வளைவில் அடியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அங்கே பனிக்கட்டி மெல்லிசு. புயல் அடித்தால் எது கெட்டி, எது மெல்லிசு என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. போன குளிரில் மூன்று பேரை இழந்துவிட்டோம்.”

“ஐயோ பாவமே!” என்றார் கரடி. மனதாரத்தான் சொன்னார்.

“பேரவைக் கிடங்கில் நாற்பது கம்புகள் சும்மா கிடக்கின்றன. அதைக் கொடுங்கள். கெட்டியான இடமாகப் பார்த்து நாங்களே வரிசையாக நட்டுக்கொள்கிறோம். கம்பைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவோம்.”

நரி தொண்டையைச் செருமினார். “அப்படிக் கொடுக்க முடியாதம்மா. கம்பு நட்டால் அது பாதையாகிவிடும். பாதை என்றால் பேரவை நேரில் வந்து பார்த்து, அங்கே ஆபத்து இருப்பதாக எழுதிய பிறகுதான் போடலாம்.”

“வந்து பாருங்கள் என்று போன வருடமே கேட்டோமே, ஐயா?”

“வந்து பார்த்தாயிற்றே!” நரி அடுக்கிலிருந்து ஒரு பட்டையை உருவிப் படித்தார். “‘கோடையில் ஆற்று வளைவை நேரில் பார்த்தோம். பனிக்கட்டி எதுவும் இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை.’”

பஞ்சி அந்தப் பட்டையை எட்டிப் பார்த்தாள். பிறகு, “கோடையில் ஆற்றில் தண்ணீர்தானே ஐயா ஓடும்?” என்றாள்.

“பேரவை கோடையில்தான் ஊர் ஊராகப் போகும். குளிர்காலத்தில் எப்படி வருவது? வழியெல்லாம் ஆபத்தாயிற்றே!”

தான் சொன்னது நரியின் காதிலேயே விழவில்லை. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பிறகு நடந்தது தெரியும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கிடங்கின் சாவி கரடியின் கழுத்தில்தான் தொங்கியது. கொடுத்துவிடலாமா என்று அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். “இவர்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு மற்ற ஊர்களும் வந்து நிற்கும்,” என்று நரி அவர் காதில் சொன்னார். கரடி கையை எடுத்துவிட்டார்.

“கவலைப்படாதே அம்மா. முறையான பதில் வரும்,” என்றார்.

பஞ்சி ஊர் திரும்பினாள். அவளுடைய அண்ணன் தும்பன் கரையிலேயே காத்திருந்தான்.

“என்ன சொன்னார்கள்?”

“நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள், அண்ணா.”

“கம்பு?”

“பதில் வருமாம்.”

தும்பன் சிரித்தான். “சரி விடு. பதில் வரும்வரை என் கால் இருக்கிறது.”

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றைக் கடக்கும்போது தும்பன்தான் முன்னால் போவான். நாலடிக்கு ஒருமுறை பின்னங்காலால் பனிக்கட்டியைத் தட்டிச் சத்தத்தைக் கேட்பான். கெட்டி என்று தெரிந்தால் காலை வைப்பான். மற்ற முயல்கள் அவன் காலடியிலேயே கால் வைத்துப் பின்னால் வரும். ஊர் சாப்பிடுவதும் பட்டினி கிடப்பதும் அந்த ஒருவன் காதை நம்பித்தான் இருந்தது.

பேரவையில் பதில் தயாராகிக்கொண்டிருந்தது. ‘வருந்துகிறோம்’ என்று எழுதுவதா, ‘பெரிதும் வருந்துகிறோம்’ என்று எழுதுவதா என்று மூன்று நாள் பேசினார்கள். அதற்குள் ஆறு உறைந்துவிட்டது. கடைசியில் பதில் ஒன்பது பட்டைக்கு வந்தது. நரி தன் வாழ்நாளில் இவ்வளவு நல்ல பதிலை எழுதியதில்லை. முயல்களுக்கு நேரில் படித்துக் காட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. முதல்முறையாகக் குளிர்காலத்தில் வடகரைக்குக் கிளம்பினார்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது புயல் பிடித்துக்கொண்டது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. எந்தப் பக்கம் போவது என்று சொல்ல ஒரு கம்புகூட இல்லை. நரி நேராக வளைவின்மேல் நடந்தார்.

பனிக்கட்டி உடைந்த சத்தம் முயல் குடியிருப்புவரை கேட்டது. தும்பன் ஓடினான். பஞ்சியும் மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு பனிக்கட்டியின்மேல் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். எல்லாருக்கும் முன்னால் தும்பன் இருந்தான். நரி ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தார். மறு கையில் பட்டைக் கட்டு இருந்தது.

“அதைப் போடுங்கள்! இரண்டு கையாலும் என்னைப் பிடியுங்கள்!” என்று கத்தினான் தும்பன்.

நரி உடனே போடவில்லை. எவ்வளவு நாள் எழுதியது! நனையாமல் ஓர் இடத்தில் வைத்துவிடலாம் என்று பார்த்தார். மூச்சை இழுத்துவிடும் நேரம்தான். பிறகு கட்டைப் பனிமேல் எறிந்துவிட்டுத் தும்பனைப் பிடித்தார். முயல்கள் இழுத்தன. நரி மேலே ஏறிவிட்டார். ஆனால் அதற்குள் தும்பனுக்கு அடியில் விரிசல் ஓடிவிட்டது. அவன் கால் பஞ்சியின் கையிலிருந்து நழுவியது. அடியில் ஓடிய நீர் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முயல்களின் வளையில் நடுங்கிக்கொண்டிருந்த நரியின்மேல் பஞ்சி காய்ந்த புல்லைப் போர்த்தினாள். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. யாரோ பட்டைக் கட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். அது நனையவே இல்லை.

“எங்களுக்கு வந்த பதில்தானே, ஐயா? படியுங்கள்,” என்றாள் பஞ்சி.

நரி படித்தார். “‘உங்கள் குறையை அக்கறையோடு ஆராய்ந்தோம். பெரிதும் வருந்துகிறோம். நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டோம். வரும் கோடையில் மறுபடி நேரில்...’”

அதற்குமேல் அவரால் படிக்கமுடியவில்லை.

இரண்டு நாள் கழித்துப் புயல் ஓய்ந்தது. நரி பேரவைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னார். கரடி கண்கலங்கினார். “அந்தக் குடும்பத்துக்கு ஆறுதலாக ஒரு பதில் எழுதும். நன்றாக எழுதும்,” என்றார்.

“எழுதவேண்டாம், தலைவரே. சாவியைக் கொடுங்கள்.”

கரடி அவரைப் பார்த்தார். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். இருவரும் கம்புகளை இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு வந்தார்கள். இப்போது பஞ்சி முன்னால் போனாள். அண்ணனைப் போலவே காலால் தட்டிச் சத்தம் கேட்டாள். அவள் காட்டிய இடங்களில் கரடி கம்புகளை ஊன்றினார். காலையில் தொடங்கிய வேலை, வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

பஞ்சி வடகரையில் நின்று அந்த வரிசையைக் கடைசிவரை பார்த்தாள்.

“இவ்வளவு நேரம்தானா ஆகும்?” என்று கேட்டாள்.

எந்தக் குறைக்கும் பதில் சொல்லாமல் விடாத நரி, அன்று தலை குனிந்துகொண்டார்.

கையில் இருக்கும் உதவியை வேண்டிய நேரத்தில் கொடுக்காதவர் பிறகு எவ்வளவு அழகாகப் பதில் சொன்னாலும், போன உயிருக்கு அது கேட்காது.